பதினோரு எழுத்தில் ஒரு பெயர்

கீலினுக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்தால் அப்பா பங்குக் கோவில் அலுவலகத்துக்குப் போய் அவளுடைய கடிதத்தை வாங்குவார். ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு ஞானஸ்நானம். அவள்தான் ஞானத்தாய். அதற்கு, உறுதிப்பூசுதல் சடங்கு முடித்தவள் என்று பங்கிலிருந்து கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தில் அவள் பெயர் கெல்லி நூன் என்றுதான் இருக்கும். போன வருடம் உறுதிப்பூசுதல் படிவத்தை அவளே அப்படி நிரப்பிக் கொடுத்திருந்தாள்.

ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு வந்தபோது அவளுக்கு நாலு வயது. அயர்லாந்திலிருந்து கொண்டுவந்த பெயரைச் சொன்னால் கீலின், ஆங்கில எழுத்தில் எழுதினால் பதினோரு எழுத்து. வருகைப்பதிவு எடுக்கும் ஒவ்வொரு டீச்சரும் அந்த இடத்தில் நின்று மூச்சு வாங்குவார்கள். வகுப்பே திரும்பிப் பார்க்கும். ஒன்பதாம் வகுப்பில் புதிய டீச்சர் அப்படி நின்றபோது, "கெல்லின்னே கூப்பிடுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டாள். இரண்டு வருடமாகப் பள்ளியில் அவள் கெல்லிதான். வீட்டில் யாருக்கும் தெரியாது.

தம்பி பிறந்து ஏழு வாரம் ஆகியும் பெயர் பதியவில்லை. முதல் பையனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கப்படி 'டைக்' என்று வைக்க வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம். எழுதினால் ஐந்து எழுத்து, அதில் பாதி வாயில் வராது.

"ஊர்ல சரி, டோனால். இங்க தினம் தினம் யாரு விளக்கம் சொல்றது? நீ வேலைன்னு ரெண்டு வாரம் சுரங்கத்துல போய்ப் படுத்துக்குவ, நான்ல மாட்டிக்குவேன்" என்று அன்று ராத்திரி சாப்பிடும்போதுகூட அம்மா பொரிந்தாள்.

"நம்ம கண்ணு சமாளிக்கல? பதினோரு எழுத்து! ஒரு நாளு முகம் சுளிச்சிருக்காளா? இவனுக்கு வெறும் அஞ்சு" என்றார் அப்பா, கீலினைக் காட்டி.

கீலின் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் மசித்துக்கொண்டே இருந்தாள்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தம்பி வீறிட்டான். அம்மாவைத் தூங்கவிட்டு, அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறையில் உலாத்தும் சத்தம் கேட்டது. கீலின் எழுந்து போய்க் கதவோரம் நின்றாள்.

"என்ன கண்ணு, உன்னையும் எழுப்பிட்டானா இந்த ரவுடி?"

"அப்பா, நாளைக்கு அந்தக் கடிதம் வாங்க நீங்க போகாதீங்க."

"ஏன், ஞானத்தாய்க்குப் பயம் வந்துடுச்சா?"

"அதுல என் பேரு இல்ல. கெல்லின்னு இருக்கு. நான்தான் எழுதினேன். ஸ்கூல்லயும் கெல்லிதான். ரெண்டு வருஷமா. என்னைக் காட்டித்தானே அவனுக்குப் பேரு வைக்கறீங்க... நான் சமாளிக்கவே இல்லப்பா."

அப்பா உலாத்துவதை நிறுத்தவில்லை. ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார். கெட்டில் வைத்தார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"கேலி பண்ணாங்களா?" என்றார் கடைசியில்.

"அதெல்லாம் பெருசா இல்ல. ஆனா அந்தப் பேரைச் சொல்லி யாருமே என்னைக் கூப்பிடறதில்லப்பா. அம்மா மட்டும்தான். அதுவும் பாத்திரம் கழுவலேன்னா."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது.

"நீங்களும்தான்" என்றாள் கீலின்.

"நானா?"

"எப்பவும் கண்ணுதான். நீங்க என் பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்ல."

கெட்டில் கொதித்துத் தானாக நின்றது. அவர் தேநீர் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது என் தங்கச்சி பேரு. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். காய்ச்சல்ல செத்துப்போனாங்க."

"பத்தொம்போது வயசு. சாயங்காலம் ஆனா வாசல்ல நின்னு நான்தான் அவளைக் கத்திக் கூப்பிடுவேன், மாடு ஓட்டிட்டு வரச்சொல்லி. நீ பொறந்தப்ப, இந்தப் பேருதான்னு அடம்பிடிச்சு வெச்சேன். வெச்சிட்டேனே தவிர, கூப்பிடணும்னு வாயைத் திறந்தா..." தம்பியை மறு தோளுக்கு மாற்றினார். "கண்ணுன்னுதான் வந்துச்சு. அப்படியே பழகிடுச்சு."

தம்பி தோளில் தூங்கிப்போயிருந்தான். வாயோரம் வழிந்த பால் அப்பாவின் சட்டையில் காய்ந்திருந்தது.

"இவனுக்கு அம்மா சொல்ற மாதிரி ஜாக்னே வெச்சிடலாமா? நீ சொல்லு. இப்படி ஒரு பேரைச் சுமந்தவ நீதான்."

கீலின் தம்பியின் பிஞ்சு விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

"டைக்குன்னே வைங்க. ஆனா வெச்சா கூப்பிடணும். காலையில இருந்து ராத்திரி வரைக்கும். நீங்க சுரங்கத்துல இருந்தா போன்லயாவது."

"ம்" என்றார் அப்பா.

காலையில் அப்பாவும் கீலினும் தம்பியுமாகப் போனார்கள். பங்கு அலுவலகத்துக்குள் அப்பா மட்டும் நுழைந்தார். கீலின் தம்பியோடு கோவில் படியில் நிழலில் உட்கார்ந்தாள். வெயில் அப்போதே சுள்ளென்று ஏறிவிட்டது.

அப்பா வெளியே வந்தார். கையிலிருந்த கடிதத்தைப் படித்தார். அங்கேயே நின்று இன்னொரு முறை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் போனவர், பையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"கீ..." பாதியில் நிறுத்திவிட்டார். தெருவில் நாயோடு போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"கீலின்!" மைதானத்தின் மறுகோடியில் இருப்பவளைக் கூப்பிடுவதுபோல் கத்தினார். "கீலின்! வண்டிச் சாவி உன்கிட்டயா இருக்கு?"

குழந்தையின் பையில்தான் இருந்தது. எடுத்துத் தலைக்கு மேலே ஆட்டிக் காட்டினாள்.