இடது பக்கம் இன்னும் கழுவவில்லை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது தஞ்சாவூர்க் கீழவாசலில், கார் சாமான்கள் விற்கும் ஒரு கடையில். பைக்கில் செல்போனை மாட்டும் தாங்கி ஒன்று வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர், பில் போடுவதற்காக மேசைமேல் வைத்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படி வைக்கிறவன்தான். பேச்சுக் கொடுத்தேன். பிறகு அவர் ஊருக்கு இரண்டு முறை போய் வந்தேன். எழுதலாமா என்று கேட்டதற்கு, "பேர மாத்திக்குங்க. மத்தபடி நடந்தத எழுதுங்க" என்றார்.

ஆகவே அவர் பெயர் தியாகராசன் இல்லை.

எப்படித் தொடங்குவது என்பதிலேயே ஒரு வாரம் போயிற்று.

முதல் தொடக்கம்: "காவிரிக் கரையில் அந்தி மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தபோது தியாகராசன் தன் பழைய நண்பனை..." (அடித்துவிட்டேன். நடந்தது காலை பதினொரு மணிக்கு. கடை வாசலில் காவிரி இல்லை. குழாய் பதிக்கத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளம்தான் இருந்தது.)

இரண்டாவது: "பொய்யைக் கழுவும் ஷாம்பு எந்தக் கடையில்..." (இதை முடிக்கவே கூசியது.)

மூன்றாவது, கீழே இருப்பது.

2

தியாகராசனுக்கு நாற்பத்தொன்பது வயது. திருத்துறைப்பூண்டியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறார். அந்தச் செவ்வாய்க்கிழமை வேனைத் தஞ்சாவூரில் சர்வீசுக்கு விட்டிருந்தார். கையில் மூன்று மணி நேரமும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயும் இருந்தன.

கடையைப் பார்த்துக்கொண்டவள் கவிப்ரியா, கடைக்காரரின் மகள்.

"என்ன வண்டிங்க?"

"மாருதி எய்ட் ஹண்ட்ரட். வெள்ளை. ரெண்டாயிரத்து நாலு மாடல்."

"எங்க நிக்குது?"

"வீட்டுக்குப் பின்னால, கொட்டாய்ல. கொஞ்ச நாளா."

"கொஞ்ச நாள்னா?"

"ஏழு வருசம்."

அவள் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த பெரிய பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தாள். "இந்த செட்டு மூவாயிரத்துக்கு மேல ஆவும். இதுல பாதி வாசனைக்குத்தான். முதல் தடவை செய்றவங்களுக்கு அஞ்சு பொருள் போதுங்க."

ஒரு கார் ஷாம்பு. கழுவுவதற்கு, பஞ்சு போன்ற ஒரு கையுறை. துடைக்க மூன்று மைக்ரோஃபைபர் துணி. சோப்புக்கட்டி அளவில் களிமண் மாதிரி ஒன்று. கழுவியும் போகாத சொரசொரப்பை அது ஒற்றி எடுக்குமாம். கடைசியில் பூச ஒரு சின்ன டப்பா வேக்ஸ். அவராக எடுத்து வைத்திருந்த டயர் பாலிஷும், டேஷ்போர்டு பாலிஷும், மல்லிகை வாசனைப் புட்டியும் அலமாரிக்குத் திரும்பின. நான் பார்த்தது அதைத்தான்.

"வாளி ரெண்டு வேணும், வீட்ல இருக்கறதே போதும். ஒண்ணுல சோப்புத் தண்ணி, ஒண்ணுல நல்ல தண்ணி. கையுறைய நல்ல தண்ணில அலசிட்டுத்தான் திரும்ப சோப்புல முக்கணும். இல்லன்னா அதுல இருக்கற மண்ணே பெயிண்ட்டக் கீறிடும். பழைய பனியனால மட்டும் தேச்சிடாதீங்க."

"பனியன்ல தேச்சா என்னாவும்?"

"வட்ட வட்டமா கீறல் விழும். வெயில்ல பாத்தா தெரியும். விக்கறதுக்கா சார்?"

"இல்லம்மா. காட்றதுக்கு."

பில் போட்டது போக ஒரு டீக்கும் இரண்டு வடைக்கும் மிச்சம் இருந்தது. டீயை என்னோடு குடித்தார்.

3

யாரிடம் காட்டுவதற்கு?

முகம்மது யூசுப் அவரோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். இருவரும் சேர்ந்துதான் அந்த மாருதியை வாங்கினார்கள். கல்யாண சீசனில் வாடகைக்கு ஓட்டினார்கள். மன்னார்குடி, முத்துப்பேட்டை, வேதாரண்யம். வாடகை இல்லாத நாளில் சும்மாவே ஓட்டினார்கள். மூன்றாவது வருடம் யூசுப் மஸ்கட் போனார். வண்டி தியாகராசனிடம் இருந்தது. மாதம் ஒருமுறை யூசுப்பின் அம்மா சஃபியாவைத் தஞ்சாவூர் டாக்டரிடம் அதில்தான் கூட்டிப்போவார். பின் சீட்டில் இடது ஓரம், கண்ணாடியை இறக்கிவிட்டு, நாற்று நடுகிறார்களா, கதிர் வந்துவிட்டதா என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வருவார் அந்த அம்மா. கோட்டூர் தாண்டியதும் தூங்கிவிடுவார். பத்து வருடத்துக்கு மேல் அப்படிப் போனது.

கஜா புயலுக்குப் பிறகு* வண்டி ஓடவில்லை. நண்பர்கள் பேசவும் இல்லை.

ஏழு வருடம் கழித்து, அந்தச் செவ்வாய்க்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை யூசுப் போன் செய்தார்.

"வெள்ளிக்கிழமை வர்றேன் தியாகு. அம்மா வீட்டக் குடுக்கப் போறேன், கையெழுத்துப் போடணும்." பிறகு, "வண்டி இருக்கா?"

"இருக்கு. நீ விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு."

போனை வைத்துவிட்டுக் கொட்டாய்க்குப் போய்ப் பார்த்தார். முன் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

(* 2018 நவம்பர். எங்கள் பக்கத்தில் வருடத்தைச் சொல்லமாட்டார்கள், கஜாவுக்கு முன்னால், கஜாவுக்குப் பின்னால் என்பார்கள். மரங்கள் சாய்ந்து பாதை அடைபட்டு, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல், மோட்டார் ஓடாமல், குடிதண்ணீருக்கும் மெழுகுவத்திக்கும் அலைந்தோம்.)

4

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டால், சாயங்காலம் வரை வேன் ஓட்டுகிறவருக்கு வேலை இல்லை. புதன்கிழமை ஒன்பதரைக்குத் தொடங்கினார். மனைவி வள்ளியம்மை இரண்டு வாளிகளைக் கொடுத்தாள். மூன்றாவது வாளியைக் கேட்டபோது, "குளிக்க ஒண்ணாவது இருக்கட்டும்" என்றாள்.

கவிப்ரியா சொன்னபடி கூரையிலிருந்து கீழே வந்தார். முதல் வாளித் தண்ணீர் பச்சையாகப் போனது, பாசி. இரண்டாவது கறுப்பு. ஐந்தாவதில்தான் வெள்ளை பெயிண்ட் தெரிந்தது. களிமண்கட்டியைத் தண்ணீர் தெளித்து இழுத்தபோது முதலில் கரகரவென்று பிடித்தது, பிறகு வழுக்கியது. அந்த வழுக்கல் கைக்குப் பிடித்துப்போனது. பானெட், வலது முன்கதவு, வலது பின்கதவு. சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

கொட்டாய்க் கீற்றின் ஓட்டை வழியே வெயில் கூரைமேல் விழுந்தபோது கீறல்களைப் பார்த்தார். வட்ட வட்டமாக, மெல்லிசாக, நூற்றுக்கணக்கில்.

முள்ளியாற்றங்கரை. ஞாயிற்றுக்கிழமைக் காலைகள். தலைக்குப் போடும் ஒரு ரூபாய் ஷாம்புப் பொட்டலம் இரண்டு, கிழிந்த பனியன் இரண்டு. யூசுப் உயரம், அதனால் கூரை யூசுப்புக்கு, பக்கவாட்டு தியாகராசனுக்கு. கழுவி முடித்து வண்டிமேலேயே பனியனைக் காயப் போட்டுவிட்டு ஆற்றில் விழுவார்கள். பளபளவென்று ஆக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். கீறிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கூரையில் இருந்தது யூசுப்பின் கை. பெரிய பெரிய வட்டம். கதவுகளில் இருந்தது அவருடைய கை, அவசர அவசரமாகச் சின்ன வட்டம். வேக்ஸ் பூசினால் கொஞ்சம் மறையும் என்று கடையில் சொன்னாள். டப்பாவைத் திறந்தவர் கூரைக்கு மட்டும் பூசாமல் மூடி வைத்தார்.

மூன்று மணிக்கு வேன் எடுக்கப் போகவேண்டும். இடது பக்கம் அப்படியே இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

5

(இந்த இடத்தில் எனக்குத் தியாகராசன்மேல் சந்தேகம் வந்தது. ஒரு பழைய வண்டி அழுக்காக இருந்தால் என்ன? "வச்சுக்க முடியலடா" என்று சொன்னால் எந்த நண்பனும் புரிந்துகொள்வான். இதற்காகக் கையிலிருந்த காசையெல்லாம் செலவழிக்கும் மனிதனை வாசகர் நம்புவாரா? அவரிடமே கேட்டேன். நெடுநேரம் வேன் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.)

புயல் அடித்த மூன்றாம் நாள் யூசுப்பின் போன் வந்தது. சிக்னல் கிடைப்பதற்காகத் தியாகராசன் பாலத்துமேல் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக் கூரை போயிருந்தது. பதினெட்டுத் தென்னையும் போயிருந்தது.

"அம்மாவப் பாத்தியா தியாகு? லைனே கெடைக்கல."

பார்க்கவில்லை. அந்த அம்மா இருந்த டவுனுக்கு ஒன்பது கிலோமீட்டர், வழியெல்லாம் மரம். ஆனால் போனின் அந்தப் பக்கம் ஒரு மனிதன் அழுதுகொண்டிருந்தான்.

"போய்ப் பாத்துட்டேன். நல்லா இருக்காங்க. நீ கவலப்படாத."

சாயங்காலமே போய்ப் பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்றுதான் நினைத்தார். அன்றைக்குக் கூரைக்குத் தார்ப்பாய் தேடவேண்டியிருந்தது. மறுநாள் நிவாரண அரிசிக்கு வரிசை. அதற்கு மறுநாள் மகளுக்குக் காய்ச்சல். பன்னிரண்டாம் நாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் சஃபியாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டார். அதற்குப் பிறகு போக முகம் இல்லை. அந்த அம்மா இறந்த அன்று பைக்கில் தெருமுனை வரை போனார். மசூதியிலிருந்து, சடலத்தைத் தூக்கிப்போகும் சந்தூக்குப் பெட்டியை எடுத்துவருவது தெரிந்தது. வண்டியைத் திருப்பிவிட்டார்.

யூசுப்பிடம் அவர் சொன்ன முதல் பொய் அது. ஞாயிற்றுக்கிழமை சொன்னது இரண்டாவது. இதையாவது உண்மையாக்கிவிடலாம் என்று பார்த்திருக்கிறார்.

6

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்ன யூசுப் வியாழக்கிழமை பத்து மணிக்கே வந்து நின்றார். தலை நரைத்து, கொஞ்சம் கூன் விழுந்து, கையில் ஒரு பேரீச்சம்பழப் பெட்டியோடு. வள்ளியம்மை கொட்டாயைக் காட்டினாள்.

தியாகராசன் கையுறையோடு நிமிர்ந்தார். வண்டி யூசுப்புக்கு இடது பக்கத்தைக் காட்டி நின்றது. பாசி, பறவை எச்சம், கண்ணாடியில் ஏழு வருட மண்.

யூசுப் வண்டியைச் சுற்றி நடந்தார். வலது பக்கத்தைப் பார்த்தார். திரும்பி இடது பக்கம் வந்தார். சட்டையைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளிப் பக்கத்தில் கிடந்த கிழிந்த துணியை எடுத்தார்.

"அது வேணாம், கீறல் விழும். இத எடுத்துக்க" என்று கையுறையை நீட்டினார் தியாகராசன்.

கால் மணி நேரம் கழுவினார்கள். பிறகு யூசுப், கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அம்மா மவுத்துக்கு நீ வரலன்னு எனக்குக் கோவம். அந்தக் கோவத்துல ஒண்ணச் சொல்லாம விட்டுட்டேன் தியாகு. புயலப்ப ஒரு குடம் தண்ணியும் நாலு மெழுகுவத்தியும் அம்மாவுக்குக் கொண்டுபோய்க் குடுத்தியாமே. அம்மாவே சொன்னாங்க, பக்கத்து வீட்டு போன்ல. 'தியாகு வந்தானாமே'ன்னு கேட்டேன். 'ஆமாப்பா, வந்தான். தண்ணி கொண்டாந்தான், மெழுகுவத்தி கொண்டாந்தான்'னாங்க. ஒவ்வொரு பெருநாளுக்கும் அத நெனச்சுக்குவேன். நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்."

தியாகராசனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த அம்மா, இருட்டில், தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்துகொண்டு, மகன் பயப்படக்கூடாதென்று, வராத ஒருவனைத் தன் வாயால் வரவழைத்திருக்கிறார். கையில் குடமும் கொடுத்து.

7

முதல் முடிவு: தியாகராசன் பேசாமல் இருந்துவிடுகிறார். அம்மா கொடுத்ததை அம்மாவின் மகனிடமிருந்து எதற்குப் பிடுங்குவது? இருவரும் டீ குடிக்கிறார்கள். (இதை எழுதி என் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ஆள் இனிமே எப்படித் தூங்குவாரு?" என்றாள்.)

இரண்டாவது முடிவு: உண்மையைச் சொல்கிறார். யூசுப் அவரைக் கட்டிக்கொண்டு... (இல்லை. அப்படி நடக்கவில்லை.)

நடந்தது இது.

தியாகராசன் சொன்னார். "நான் போகல யூசுப்பு. தண்ணியும் குடுக்கல, மெழுகுவத்தியும் குடுக்கல. பாலத்துல நின்னுக்கிட்டு உன்கிட்ட பொய் சொன்னேன். அம்மா உனக்காகச் சொல்லியிருக்காங்க."

யூசுப்பின் கை கதவின்மேல் நின்றது. கையுறையிலிருந்து நுரை வழிந்து காலில் சொட்டியது.

"அப்ப தண்ணி யாருதான் குடுத்தா?"

"தெரியல."

யூசுப் கையுறையைக் கழற்றி, நல்ல தண்ணீர் வாளியில் இரண்டு முறை அலசி, விளிம்பில் தொங்கவிட்டார். இடது பின்கதவைத் திறந்தார். உள்ளே போய் அம்மா உட்காரும் ஓரத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். வெளியிலிருந்து பார்த்தால் மண்படிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிழல்தான்.

தியாகராசன் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கண்ணாடியைக் கழுவினார். பிறகு துடைத்தார். யூசுப்பின் முகம் மெல்லத் தெரிய ஆரம்பித்தது. அவர் வெளியே பார்க்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.

அந்தக் கதவுக்கு உள்கைப்பிடி உடைந்துபோய் வெகுநாளாயிற்று. வெளியே நிற்கிறவர்தான் திறந்துவிட வேண்டும். சஃபியாவுக்கும் ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் தியாகராசன்தான் இறங்கிச் சுற்றி வந்து திறந்துவிடுவாராம்.

உள்ளே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார், திறந்ததும் முதலில் பேசியது யார், என்ன பேசினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சொன்னார்கள், இருவருமே, தனித்தனியாக, வேறு வேறு விதமாக. இரண்டில் எதை எழுதினாலும் மற்றவருக்கு நான் பொய் சொன்னதாகிவிடும். இந்தக் கதையில் பொய் போதும்.

அதனால் தியாகராசனை அங்கேயே நிறுத்தியிருக்கிறேன், கைப்பிடியில் ஈரக் கையை வைத்தபடி. திறப்பதோ, இன்னும் கொஞ்ச நேரம் அவரை உள்ளே இருக்க விடுவதோ, உங்கள் கையில்.