பவுலினோவின் இடது கை

இந்தக் காலத்தில் மேடையில் ஏறுகிறவன்தான் பந்தியிலும் முதல் ஆள். சிலை திறப்பு அன்று, குழியில் வெந்த மாட்டுத்தலைக் கறியை வெளியே எடுத்ததுமே கமிட்டிக்காரர்கள் தட்டோடு முன்னால் போய் நின்றார்கள். சிலைக்குரிய பவுலினோ பாரியெந்தோஸ் அப்படியில்லை; தன் ஆட்கள் கடைசி ஆள்வரை தின்று முடிக்காமல் தட்டைத் தொடமாட்டான். பட்டாளத்தில் கற்றதல்ல அது. பண்ணையில் மாட்டுக்காரர்களுக்குத் தலைவனாக இருந்த அவன் அப்பாவின் வழக்கம்.

இந்த டெக்சாஸ் புழுதியில் என்னோடு கயிறு வீசிக் கன்று பிடித்தவன், மெக்சிகோ வழிவந்த எங்கள் ஆட்களில் முதல் ஜெனரல் ஆனான். கொரியாவில் கால் உடைந்து கிடந்த என்னைத் தூக்கிவர, குண்டுமழையில் மறுபடியும் குன்றேறியவன்.

அவன் அக்கா ஒத்திலியாவுக்குக் கண் போய்விட்டது. தம்பி தொலைவில் ஓர் ஆஸ்பத்திரியில் செத்தபோது போய்ச் சேர முடியவில்லை. "அவன் கையைப் பிடிக்காமலே அனுப்பிட்டேன் சில்வெரியோ. சிலையிலயாவது ஒரு தரம் பிடிச்சுப் பார்க்கணும்" என்று ஒரு மாதமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூட்டிப்போனேன். வெண்கலக் கையைத் தடவினாள். இடது கட்டைவிரலுக்கு வந்ததும் நின்றாள்.

"இது யாரு?"

"ஜெனரல்தான் அத்தை" என்றான் கமிட்டி ராமிரோ, வாயில் கறியோடு.

"என் தம்பிக்கு ஏதுடா முழு விரல்?"

கயிறு வீசி மாட்டைப் பிடித்ததும் குதிரைச் சேணத்தின் கொம்பில் கயிற்றைச் சுற்றுவோம்; அப்போது மாடு இழுத்தால் கயிற்றுக்கும் கொம்புக்கும் நடுவே கட்டைவிரல் மாட்டிக்கொள்ளும். பவுலினோவுக்குப் பதினாறு வயதில் நுனி போனது.

"கம்பீரமா இருக்கட்டும்னு முழுசா வெச்சுட்டாங்க அத்தை."

"கம்பீரமா இருக்கணும்னா உன் மீசையை ஒட்டவேண்டியதுதானே" என்றேன்.

ஒத்திலியா கையை இழுத்துக்கொண்டாள். முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. என் கையை அவள் கையில் வைத்தேன். என் கட்டைவிரல் நுனியும் கயிற்றுக்குப் போனதுதான்.

தடவிப் பார்த்தாள்.

"டேய் திருட்டுப்பயலே, இது வலது கை. அவனுக்குப் போனது இடது."

"தெரியும்க்கா."

"உன்னைத்தானே அந்தக் குன்றிலிருந்து தூக்கிட்டு வந்தான்?"

"ஆமாக்கா."

"அப்ப இதையும் அவன் பிடிச்சிருப்பான்."

அப்புறம் விடவே இல்லை. பந்தி வரிசை முடிந்து, ஆறிய கறி இரண்டு தட்டில் வந்த பிறகுதான் விட்டாள்.

"அடுத்த வாரமே விரல் நுனியை அறுத்துச் சரி பண்ணிடறோம்" என்றான் ராமிரோ.

"பண்ணுவீங்க, பண்ணுவீங்க" என்றேன்.

அக்காவைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தேன். நுனியை அறுத்துவிட்டால் மட்டும் அது பவுலினோ ஆகிவிடுமா? திரும்பிப் பார்க்கவில்லை.