வெள்ளை கிராஃபைட்

போரான் நைட்ரைடு என்று சொல்லச் சொன்னால் கணபதி வட்டாரத்தில் பாதி மோட்டார் பட்டறைக்காரர்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அதனால்தான் சென்னகேசவன் தன் பட்டறையில் அதை ‘வெள்ளை கிராஃபைட்’ என்று சொல்லிப் பழக்கினார். அவராக இட்டுக்கட்டிய பெயரும் இல்லை. பம்பாய் வியாபாரி அப்படிச் சொல்லித்தான் விற்றான். விபூதியைவிட நைசான தூள். அதைப் பிசினில் குழைத்து மோட்டார் சுருளைச் சுற்றி ஊற்றி இறுகவிட்டால், சுருளின் சூட்டை வாங்கி வெளி இரும்புக்குக் கடத்திவிடும். மின்சாரத்தை மட்டும் துளிக்கூட விடாது. லோ வோல்டேஜில் தோட்டத்துக்குத் தோட்டம் மோட்டார் புகைந்துகொண்டிருந்த தொண்ணூற்றேழாம் வருஷக் கோடையில், சென்னகேசவனின் மோட்டார் சளைக்காமல் ஓடியது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று முற்பகல், மேஸ்திரி மாசாணம் ஒரு மோட்டாருக்கு டெஸ்ட் லேம்ப் வைத்தபோது விளக்கு பளிச்சென்று எரிந்தது. வெளி இரும்பில் கரண்ட்! மூடியைக் கழற்றினால் உள்ளே பிசின் கன்னங்கரேலென்று இருந்தது.

“என்ன எழவுடா இது?” என்றார் சென்னகேசவன்.

“வெள்ளை கிராஃபைட் தீந்துபோச்சுங்க மொதலாளி. நீங்க ஊர்ல இல்லீங்க. பக்கத்து பவுண்டரியில அச்சுக்குப் பூசற கிராஃபைட் இருந்துது, அதைக் கலந்துபோட்டேனுங்க. நெறந்தானுங்களே வேற?”

வெளுத்ததெல்லாம் பால் என்று ஏமாறுகிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். பெயரை நம்பிக் கருப்பை வெளுப்பாக்கியவர்களை இந்தப் பட்டறையில்தான் பார்க்க முடியும். கருப்பு கிராஃபைட்டும் சூட்டைக் கடத்தும். கூடவே மின்சாரத்தையும் கொண்டுபோய் இரும்பில் விட்டுவிடும். அதை யாரும் மாசாணத்துக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவருக்கு இப்போது வேர்த்துக் கொட்டியது.

“அந்தக் கலவையில இன்னும் எத்தனை ஊத்துனே?”

“இன்னொண்ணுதானுங்க. மேட்டுப்பாளையத்து அம்மணி ஊட்டுக்கு நேத்து அனுப்புனமே, அதுதானுங்க.” மாசாணத்தின் குரல் இறங்கியது. “நம்மூட்டு மோட்டார்தானேன்னு டெஸ்ட் பண்ணாம ஏத்திப்போட்டமுங்க.”

மேட்டுப்பாளையத்து அம்மணி என்றால் சென்னகேசவனின் கூடப்பிறந்த தங்கை கனகம். பாக்குத் தோப்புக்குத் தண்ணீர் விடுவது அவள்தான். அதுவும் வெறுங்காலோடு, சேற்றில் நின்று. மதியம்தான் அந்தப் பக்கத்துக்கு மோட்டார் ஓட்டும் மூன்று பேஸ் கரண்ட் வரும். எல்லார் தோட்டத்திலும் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டிருப்பார்கள், கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். சென்னகேசவன் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஐயோ, தோப்புக்குள் இருக்கிறாளோ! காரை எடுத்துக்கொண்டு பறந்தார். காரமடையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டார்.

தோப்பு வாசலில் கார் நின்றபோது கனகம் வாய்க்காலை மண்வெட்டியால் சரிசெய்துகொண்டிருந்தாள். இன்னும் கரண்ட் வரவில்லை.

“வாங்கண்ணா! என்ன இப்பிடி வேர்த்து விறுவிறுத்து வாரீங்க? சாப்டீங்களா?”

சென்னகேசவன் மோட்டார் அறைக்கு ஓடி மெயின் ஃப்யூஸைப் பிடுங்கினார். பிறகு மூடியைக் கழற்றினார். உள்ளே வெள்ளை வெளேரென்று பிசின். சென்னகேசவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மனுஷ மனசு இருக்கிறதே, அதைப்போலக் கேடுகெட்டது வேறு இல்லை. தன் வீடு தப்பியதும் ஊர் உலகமே தப்பிவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

“இது நேத்து வந்த மோட்டார்தானே கனகம்?”

“இல்லீங்கண்ணா, இது நீங்க முன்னாடி குடுத்த பழசு. பக்கத்துத் தோட்டத்துப் பொங்கியண்ணனுக்கு மோட்டார் பொகைஞ்சுபோச்சு. கண்ணுக்கு முன்னால வாழை காயுதேன்னு புதுசை அவங்களுக்குக் குடுத்துபோட்டேன். நம்முளுதுதான் நல்லா ஓடுதே. ஏண்ணா, தப்புங்களா?”

“எர்த் கம்பி போட்டாங்களா?”

“எங்க? அவசரத்துக்கு மாட்டுனதுதான். நாளைக்கு ஆள் வந்து போடறதா—”

அவள் முடிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ‘உர்ர்’ என்று மோட்டார் எழும்பியது. கரண்ட் வந்துவிட்டது.

சென்னகேசவன் ஓடினார். வேலி முள் வேட்டியைக் கிழித்தது. வாழைக்கு நடுவில், கணுக்கால் தண்ணீரில் பொங்கியண்ணன் நின்றிருந்தார். அவருக்கு எட்டிப்பிடிக்கும் தூரத்தில், திட்டின் மேல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாரையும் ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டியையும் ஒரே இரும்புச் சட்டத்தில் முடுக்குவது சென்னகேசவன் பட்டறையின் வழக்கம். அது அவருடைய யோசனைதான்.

“மோட்டாரைத் தொடாதீங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

பொங்கியண்ணன் திரும்பிப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தார். “அடடே, வாங்க வாங்க! மோட்டாருங்களா? அருமையா ஓடுதுங்க! நீங்க மவராசனா இருக்கோணும்!”

“தொடாதீங்க! தண்ணிய விட்டு வெளிய வாங்க!”

“என்னங்க?” பொங்கியண்ணன் காதருகே கையைக் குவித்தார்.

சென்னகேசவன் ஓடியபடியே வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வீசினார். பொங்கியண்ணனுக்கு அது நிறுத்தச் சொல்வதாகப் பட்டது. தோட்டம் தேடி வந்த மனுஷர் வாய்விட்டுப் பேசும்போது மோட்டாரை இரைய விடுவது மரியாதையா?

“சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குதுங்க. இருங்க, நிறுத்திப்போட்டு வாரேன்” என்று சொல்லி, ஈரக் கையைத் துண்டில்கூடத் துடைக்காமல் ஸ்டார்ட்டரை நோக்கி நீட்டினார்.

மோட்டார் நிற்கவில்லை.