2010-இன் முதல் தேர்வு

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை நான் எங்கும் தேடிப் போகவில்லை. எங்கள் அஜ்மான் வீட்டு பிரிட்ஜ் கதவில் நானே காந்தம் வைத்து ஒட்டினேன். அது கதையாகும் என்று தெரிந்திருந்தால் ஆபீஸ் டிராயரில் வைத்துப் பூட்டியிருப்பேன்.

தொடக்கம், முதல் முயற்சி: "2007 மே மாதத்து வெயில் பாலைவனத்தின் மீது ஒரு

வேண்டாம். வளைகுடாக் கதை வெயிலில்தான் தொடங்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நாங்கள் சண்டை போடுவதெல்லாம் ஏசியில்தான்.

இரண்டாம் முயற்சி: "என் நண்பர் பத்மநாபன் துபாய் அல் குசைஸில் ஓர் அமெரிக்கக் கம்பெனியில் வேலை பார்க்கிறார்."

இது பரவாயில்லை. நண்பர் என்றால் எவ்வளவு முட்டாளாகவும் காட்டலாம்.

2

நண்பரின் ஆபீசில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு நடத்துகிறார்கள். அமெரிக்கக் கால்பந்து. (தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, பந்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஓடுவது. மற்றவர்கள் மேலே விழுவார்கள்.) ஆடுவது அமெரிக்காவில் யாரோ. இவர்கள் அந்த ஆட்டக்காரர்களைக் காகிதத்தில் பங்கு போட்டுக்கொள்வார்கள். அங்கே அவன் ஓடினால் இங்கே இவருக்குப் புள்ளி.

இதில் வம்ச லீக் என்று ஒரு வகை உண்டு. ஒருவனை எடுத்துவிட்டால் அவன் ஆட்டத்தைவிட்டு ஓய்வு பெறும்வரை உங்களவன். வருடா வருடம் மே மாதம் கல்லூரியிலிருந்து புதுப் பையன்கள் வருவார்கள். வரிசைப்படி ஆளுக்கொருவனாக எடுக்கலாம். வரும் வருடங்களின் முறையைக்கூட இப்போதே கைமாற்றிக்கொள்ளலாம்.

அணி வைத்திருந்த ஒருவர் வேலையை விட்டுப் போனார். மேனேஜர் டக் அந்த இடத்தில் பத்மநாபனை உட்காரவைத்தார். மேனேஜர் கேட்டு நம்மவர்கள் எதற்கு இல்லை என்று சொல்லியிருக்கிறோம்?

3

டக் அவரை "பத்மா" என்றுதான் கூப்பிடுவார். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டது.

"பத்மா, இந்த வருஷம் உன் முறையை எனக்குக் கொடு. பதிலுக்கு என்னுடைய 2010 முதல் சுற்று முறையை எடுத்துக்கொள்."

பட்டியலில் முப்பது பையன்கள் இருந்தார்கள். ஒருவனையும் பத்மநாபனுக்குத் தெரியாது. 2010-க்குள் கற்றுக்கொள்ளலாமே என்று பட்டது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"டன்," என்றார்.

மறுநாள் டக் ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தார். விதிமுறைகள், அதன் கீழே: "2010, முதல் சுற்று: பத்மா." அலுவலக வாழ்க்கையில் எதிலாவது முதல் என்று தன் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல்முறை. வீட்டுக்குக் கொண்டுவந்து

[பிரதியின் ஓரத்தில், பென்சிலில்: "யாரு இந்த நண்பர்? எனக்குத் தெரியாம உங்களுக்கு ஒரு நண்பரா?"]

4

சரி. பத்மநாபன் நான்தான். பென்சில் என் மனைவி ஜலஜாவினுடையது. நான் எழுத எழுத ஒவ்வொரு பக்கமாக வாங்கிப் படிக்கிறாள்.

இனி எதையும் மறைத்துப் பயனில்லை. "வர்ற மார்ச்சோட நாகர்கோவிலுக்கே போயிருவோம்" என்று நான் ஏழு வருடமாகச் சொல்லிவருகிறேன். எந்த மார்ச் என்று யாரும் கேட்டதில்லை. போகப்போகிறோமே என்று சோபா வாங்கவில்லை. வருகிறவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறார்கள்.*

ஜலஜா கணக்கில் எம்.எஸ்ஸி. போன வருடம் ஷார்ஜாவில் ஒரு பள்ளியில் கூப்பிட்டார்கள். குறைந்தது சில வருடம் இருப்பேன் என்று எழுதித் தரவேண்டும். "மார்ச்ல ஊருக்குப் போறோம் மேடம்" என்று இவள் மறுத்துவிட்டாள். அந்தப் பள்ளியின் வைஸ் பிரின்சிபால் ஷம்சியா மேடம் இந்த வருடமும் கூப்பிட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும். வெற்றுப் படிவம் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை. பால் எடுக்கப் போனவள் பிரிட்ஜ் முன்னால் நின்றாள்.

"இது என்னது?"

"ஆபீஸ் விளையாட்டு. சும்மா."

"2010-ன்னு போட்டிருக்கு."

"மூணு வருஷம் கழிச்சு வர்ற பையனுக்கு."

"அவன் கெடக்கட்டும். அப்ப நீங்க எங்க இருப்பிய?"

"பத்மநாபன் நிமிர்ந்து, உறுதியான குரலில்

பொய். முனகியபடி, "நெட்டுல எங்கேருந்தும் ஆடலாம்" என்றேன்.

"வேலைய விட்டுப் போனா அணி போச்சுன்னு நாலாவது ரூல்ல இருக்கே."

எங்கள் மகள் தன்யா காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். "அப்பா, யூ ஆர் காட். மாட்டிக்கிட்டீங்க."

"போன வருஷம் அந்த வேலைய வேண்டாம்னேனே," என்றாள் ஜலஜா. "யாரு பேச்ச நம்பிச் சொன்னேன்?"

இந்த இடத்துக்கு ஒரு நகைச்சுவை வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். எனக்கு இங்கே இருக்கப் பிடித்திருக்கிறது. அதைச் சொன்னால் ஊருக்குத் துரோகம் மாதிரி இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. வாய் மார்ச் என்றது, கை 2010-ஐ வாங்கி வைத்தது. நடுவில் ஒருத்தியின் வேலை போனது.

இதையேதான் அவளிடமும் சொன்னேன், இவ்வளவு ஒழுங்காக இல்லாமல்.

அவள் பிரிட்ஜ் பக்கம் திரும்பினாள். தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல மொதல்ல யாரு எடுக்கணும்?"

"போன வருஷம் கடைசியா வந்தவங்க. தோத்தவங்களுக்குத்தான் முதல் முறை. அப்பத்தானே அவங்களும் தேறுவாங்க."

"நல்ல ரூலு." பால் பாக்கெட்டைக் கீழே வைத்தாள். "அப்ப இந்த வீட்டுல ஏழு வருஷமா கடைசி யாரு?"

நான் மேஜையில் கிடந்த படிவத்தைப் பார்த்தேன்.

"பேனா குடுங்க."

* உட்கார்ந்தவர்களில் ஒருவர், நாற்காலி உடைந்து, விழவும் செய்தார். டக்தான். அதன் பிறகும் சோபா வாங்கவில்லை.

5

முடிவு, முதல் வகை: பத்மநாபன் டக்கின் அறைக்குப் போகிறார். "கலாஸ், முடிந்தது" என்று 2010-ஐத் திருப்பிக் கொடுக்கிறார். மார்ச்சில் குடும்பம் விமானம் ஏறுகிறது.

[பென்சில்: "யாரு நம்புவா?"]

முடிவு, இரண்டாம் வகை: ஜலஜா வேலைக்குச் சேர்கிறாள். வீட்டுக்கு சோபா வருகிறது. பச்சை நிறம்.

[பென்சில்: "பச்சை வேண்டாம்."]

நடந்தது இவ்வளவுதான். படிவத்தில் "எத்தனை ஆண்டுகள் பணிபுரிய உத்தேசம்?" என்று ஒரு கட்டம் இருக்கிறது. பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குக் காட்டாத பிள்ளை மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டு அதில் ஓர் எண் எழுதினாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"எவ்வளவு போட்ட?"

"உங்க முறை வரும்போது நீங்க எடுங்க."

இன்று சனிக்கிழமை. நாளை காலை ஷம்சியா மேடம் காரில் வந்து கூட்டிப்போகிறார். இந்தக் கடைசிப் பக்கத்தை இன்னும் அவளிடம் காட்டவில்லை. பென்சிலை மட்டும் கேட்டு வாங்கினேன், உங்களுக்காக.

ஜலஜா எழுதிய எண்: ______

நிரப்பிக்கொள்ளுங்கள். சுழியம் மட்டும் வேண்டாம். எழுதும்போது அவள் சிரித்ததை நான் பார்த்தேன்.