ஃபின்னிஷில் இருந்த வீடு

கதிர்காமுவுக்கு அது பழகிப்போன வேலைதான். மஸ்கட்டில், ரூவியில் ஒரு கட்டடக் கம்பெனியின் தபால் பெட்டிக்கு வரும் கடிதங்களைப் பிரித்து, பதிந்து, முத்திரை குத்தி ஃபைலில் போடுவது அவருடைய டியூட்டி. அவற்றுள் 'வசீகரன்' என்ற பெயருக்கு ஃபின்லாந்திலிருந்து ஏதாவது வந்தால், 'இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை' என்ற முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தித் திருப்பி அனுப்பிவிடுவார். பத்து வருஷத்தில் நாலு கடிதம் அப்படிப் போயிருக்கிறது. முத்திரை சொன்னதில் பொய்யும் இல்லை. வசீகரன் என்பது அவருடைய தம்பி. அவன் ஃபின்லாந்தில் இருந்தான், கதிர்காமு என்ற பெயரில்.

கதை பெரிதில்லை. தொண்ணூறாம் ஆண்டு அண்ணனும் தம்பியும் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லாட்ஜில் ஒரே அறையில் கிடந்தார்கள். தம்பியின் பத்திரங்கள் எல்லாம் ஷெல் விழுந்து வீட்டோடு எரிந்துவிட்டன. அண்ணனுடையவை மட்டும் மிச்சம். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்டிடம் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. ஒரு விடியற்காலை வசீகரன் அண்ணனின் பெட்டியைத் திறந்து, பிறப்புச் சான்றிதழையும் பள்ளிக்கூடச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அங்கே போய்க் கதிர்காமு ஆகிவிட்டவனுக்கு அண்ணன் வேறு யாராக இருக்க முடியும்? மஸ்கட்டில் இருக்கும் சகோதரன் பெயர் வசீகரன் என்று அங்கே சொல்லிவைத்தான். உறவுக்காரர் யாரிடமோ விலாசம் வாங்கி, அந்தப் பெயருக்கே கடிதமும் போட்டான்.

"என்ர பேரையே களவெடுத்துக்கொண்டு போனவன்" என்று கதிர்காமு சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று. சொல்லாமல் என்ன செய்வார்? புதுப் பத்திரம் எடுத்து மஸ்கட் வந்து சேர மூன்று வருஷம் பிடித்தது. அதற்குள் பேசி வைத்திருந்த கல்யாணமும் கைவிட்டுப் போய்விட்டது.

ஐந்தாவது உறை 2004 ஜனவரிக் கடைசியில் வந்தது. தடியான உறை. கையெழுத்து தம்பியுடையது இல்லை. முத்திரையை எடுத்தவர், என்ன நினைத்தாரோ, கீழே வைத்துவிட்டு உறையைச் சட்டைக்குள் செருகி ரூமுக்குக் கொண்டுபோனார்.

உள்ளே டைப் அடித்த பதினான்கு பக்கம், மூலையில் அரசாங்க முத்திரை. அதற்கும் பின்னால் கையால் எழுதிய ஒற்றைத்தாள். தாளின் தலைப்பில் ஒரு டெலிபோன் நம்பர். எல்லாமே ஃபின்னிஷ். முதல் பக்கத்தில் அவருடைய பெயர், அவர் பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர். இதை யாரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்வது? இதே பெயரில் இதே பிறந்த தேதியில் இன்னொருவன் இருப்பது தெரிந்தால் இங்கே இவருடைய விசாவுக்கும் ஆபத்து, அங்கே அவனுக்கும் ஆபத்து. இன்னொரு பயமும் இருந்தது. மறுபடியும் எதையோ எழுதி வாங்கத்தான் அனுப்பியிருக்கிறான் என்று அவர் நம்பினார். அதனால் அந்த நம்பருக்குப் போன் பண்ணவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகத் தெரியாமல் வாயைத் திறக்கக்கூடாது, தானே படித்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று முடிவு கட்டினார். நாற்பது வயதில் இப்படி ஒரு வீம்பு.

நெட் கஃபேயில் ஃபின்னிஷ் இலக்கணப் பாடம் நாற்பது பக்கம் பிரின்ட் எடுத்தார். துபாய் போய்வந்த டிரைவர் ஒருவர் அகராதி வாங்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைகளில் ரூம் முழுக்கத் துணி துவைத்துச் சமைத்துக்கொண்டிருக்க, கதிர்காமு கட்டிலில் சம்மணம் போட்டு ஃபின்னிஷ் படித்தார்.

"என்னண்ணே, பரிச்சையா?" என்று பக்கத்துக் கட்டில் விஜயபாஸ்கர் கிண்டல் பண்ணுவான். பட்டுக்கோட்டைக்காரன், ஏசி மெக்கானிக். "பாஸ் பண்ணா பொண்ணு தருவாங்களா?"

"கொம்பெனி பம்பு ஒண்டு அந்த நாட்டிலயிருந்து வருகுது தம்பி. கட்டலொக் வாசிக்க வேணும்" என்று கதிர்காமு கூசாமல் புளுகினார். பம்பாவது கிம்பாவது.

முதல் மாதம் நாக்குத் தள்ளியது. பாடம் இங்கிலீஷில் இருந்ததால் ஒவ்வொன்றையும் இங்கிலீஷுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தமிழுக்கு இழுத்துவந்து அல்லாடினார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வெளிச்சம் வந்தது. தாலோ என்றால் வீடு. தாலொஸ்ஸா என்றால் வீட்டில். தாலொஸ்தா என்றால் வீட்டிலிருந்து. அட, இது நம்முடைய வேற்றுமை உருபுதானே! சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. 'எனக்கு ஒரு வீடு இருக்கிறது' என்று நாம் சொல்கிற மாதிரியே அவர்களும் சொல்கிறார்கள். இங்கிலீஷை நடுவிலிருந்து கழற்றிவிட்டதும் வேலை சுலபமாயிற்று. அவனுக்கும் இப்படித்தான் சட்டென்று பிடிபட்டிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதைத் தள்ளிவிட்டார்.

ஆபீஸ் பழக்கம் அவரை விடவில்லை. ஒரு பேப்பரை முடிக்காமல் அடுத்ததைத் தொடமாட்டார். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகத்தான் போவார். கையெழுத்துத் தாள் கோழி கிளறியதுபோல இருந்தது, பாடத்தில் இருந்த எழுத்தோடு ஒத்தும் வரவில்லை. வரிசைப்படி அது பதினைந்தாவது. அதன் முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பதினான்கு பக்கமும் அகதி விசாரணையில் தம்பி கொடுத்த வாக்குமூலம். அதிகாரி கேட்கிறார், இவன் சொல்கிறான். அப்பாவின் வேலை, அம்மா செத்த வருஷம், முற்றத்துக் கிணறு, எத்தனை அறை, எந்தத் தெரு. எரிந்துபோன வீடு முழுக்க அங்கே எழுதி இருந்தது. அவர்களுடைய குடும்பத்தைப் பற்றி உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே எழுத்து அதுதான். மூன்று மாதமாக அந்த வீட்டுக்குள் அவர் வெள்ளிக்கிழமைதோறும் பக்கம் பக்கமாக நடந்தார்.

ஏழாம் பக்கத்தில் வசீகரன் வந்தான். 'எனக்கு வசீகரன் என்று ஒரு சகோதரன். நான் படிக்கவேண்டும் என்று அவன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனான். இருந்த ஒரே சைக்கிளை எனக்குத் தந்துவிட்டு அவன் நடந்தான்.' கதிர்காமு இரண்டு தரம் படித்தார். படிப்பை நிறுத்தியது யார்? நடந்தது யார்? பெயர்தான் மாறியிருந்தது. அந்தத் தாள்களில் வசீகரன் என்று வருகிற இடத்திலெல்லாம் இருந்தது அவர்தான். இத்தனை வருஷம் இவர் திட்டித் தீர்த்த ஒருவன், தெரியாத ஊரில் தெரியாத அதிகாரி முன்னால் உட்கார்ந்து அவரைப் பற்றி இப்படிச் சொல்லியிருக்கிறான்.

பதினான்காம் பக்கத்துக்கு வரும்போது ஏப்ரல் கடைசி. அதிகாரியின் கடைசிக் கேள்வி: நீங்கள் புறப்பட்டது உங்கள் சகோதரனுக்குத் தெரியுமா?

பதிலில் எல்லாமே சின்னச் சின்ன வாக்கியம். 'தெரியாது. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். களைத்துப்போயிருந்தான். நான் எழுப்பவில்லை. அதை நினைக்காத நாள் இல்லை.'

கதிர்காமு தாளை மடியில் வைத்தார்.

அவர் தூங்கவில்லை. அதுதான் அவர் யாரிடமும் சொல்லாதது. அந்த விடியற்காலை பெட்டி திறந்த சத்தத்திலேயே முழிப்பு வந்துவிட்டது. அரைக்கண்ணால் எல்லாவற்றையும் பார்த்தார். இருபத்திரண்டு வயசுப் பொடியன், சத்தம் வராமல் காகிதத்தை மடித்தான். கதவுவரை போய்த் திரும்பிவந்து, இவருடைய போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டான். போகட்டும், இவனாவது தப்பட்டும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டவர் இவர்தான். மனசாரக் கொடுத்ததுதான். பிறகு பத்திரம் இல்லையென்று போலீஸ் பிடித்து விசாரித்தபோது, கல்யாணம் தவறியபோது, ஒவ்வொரு அடியிலும் கொடுத்தது கொஞ்சம் கொஞ்சமாகக் களவாக மாறிப்போயிற்று. அது அவனுக்கு எப்படித் தெரியும்? நாலு கடிதம் போட்டான். மன்னிப்புத்தான் கேட்டிருப்பான். இவர் முத்திரை குத்தினார்.

சொல்லிவிட வேண்டும். 'நான் முழிச்சுத்தான் கிடந்தனான்' என்று ஒரு வார்த்தை. அப்போதுதான் பதினைந்தாவது தாளை எடுத்தார்.

மூன்று மாதம் படித்த கண்ணுக்கு இப்போது கோழிக் கிறுக்கல் எழுத்தாகத் தெரிந்தது. எழுதியிருந்தவள் ஹெல்வி, தம்பியின் மனைவி. தேதி ஜனவரி பன்னிரண்டு.

'எனக்கு இங்கிலீஷ் தெரியாது, மன்னிக்கவும். யாராவது உங்களுக்குப் படித்துச் சொல்வார்கள் என்று நம்புகிறேன். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், தலைக்குள் கட்டி. கை எழுதாது. பேச்சும் போய்விட்டது. ஆனால் காது நன்றாகக் கேட்கிறது. இந்தப் பழைய காகிதங்களை உங்களுக்கு அனுப்பச் சொல்லி அவர்தான் காட்டினார். வசந்தகாலம்வரை இருப்பார் என்கிறார் டாக்டர். தயவுசெய்து போன் பண்ணுங்கள். நீங்கள் உங்கள் மொழியில் பேசினால் போதும், நான் ரிசீவரை அவர் காதில் வைக்கிறேன்.'

நம்பர் தலைப்பிலேயே இருந்தது. முதல் நாளிலிருந்து இருந்தது. ஒரு மொழியும் படிக்காமல், ஒரு உருபும் தெரியாமல், அன்றைக்கே சுழற்றியிருக்கலாம். தமிழில் பேசினால் போதுமாம்!

"அண்ணே, சோறு ஆறுது" என்றான் விஜயபாஸ்கர். கதிர்காமு சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த போன் கூண்டுக்குள் நின்று கார்டைச் செருகினார். வழி முழுக்கக் கட்டிவைத்த ஃபின்னிஷ் வாக்கியங்கள் நாக்கு நுனியில் இருந்தன. மணி ஐந்து தரம் அடித்தது. ஒரு பெண் குரல் எடுத்தது. இவர் "மஸ்கட்" என்றார். அதற்குமேல் வரவில்லை.

அவள் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அவருக்கு எல்லாம் புரிந்தது. மார்ச் மாதம். ஒன்பதாம் தேதி. காலையில். போன் பக்கத்திலேயே இருந்தது.

படித்தது அத்தனையும் ஒரு நொடியில் கழன்று போய்விட்டது. கூண்டின் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு, ஒரு சொல்லும் விளங்காத அந்தப் பெண்ணிடம் கதிர்காமு தமிழில் சொன்னார்:

"நான் அண்டைக்கு நித்திரை கொள்ளேல்லையடா. நீ எடுத்ததைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்தனான். நான் தந்ததடா அது. நீ களவெடுக்கேல்லை."

அவர் விம்மி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு சரியான ஆள்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்வதுபோல, தட்டுத்தடுமாறி அந்தப் பெயரை உச்சரித்தாள்.

"வசீகரன்?"

கதிர்காமு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஓம்" என்றார். "வசீகரன்தான். இஞ்சதான் இருக்கிறன்."