டெல்னாவின் பின்னால் வந்தவை

திருநாளுக்குக் கொடியேறிய வாரத்தில், டெல்னா பாதி குடித்து வைத்த கட்டன் சாயா அவள் பின்னாலேயே பள்ளிக்கூடத்துக்குப் போனது. கண்ணாடித் தம்ளர் ரோட்டின் ஓரமாக, சொட்டும் சிந்தாமல் நகர்ந்து, வகுப்பறை வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றது. மறுநாள் பாதி முற்றம் பெருக்கிய துடைப்பமும் முக்கால் தோலுரித்த மரச்சீனிக் கிழங்கும் சேர்ந்துகொண்டன. அந்த வாரம் முடிவதற்குள் ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. டெல்னா தொடங்கிவிட்டு மறந்துபோகும் எதுவும் வீட்டில் தங்காது, அவளைத் தேடி வரும். பொழியூர் கரையில் இந்த வருடம் நெத்திலி குறைவு, சாளை பரவாயில்லை என்று சொல்வதுபோல இதையும் சொல்லிக்கொண்டார்கள்.

அவர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டதுதான் டெல்னாவின் அம்மா ப்ளோரன்சுக்குப் பொறுக்கவில்லை. மகளுக்கு ஒன்பது வயது. எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரியில் எழுந்து காக்கையைப் பார்க்கப் போவாள். கேள்வி முடியுமுன்னே பதில் சொல்லுவாள், வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவளின் சடையை அவிழ்ப்பாள். இதெல்லாம் ப்ளோரன்சுக்கு முன்பே தெரியும். ஆனால் அதுவரை அவள் மகள் பின்னாலேயே போய், அவள் விட்டதைப் பெருக்கி, திறந்ததை மூடி, வீட்டுப்பாடத்தைக்கூடப் பிள்ளைக் கையெழுத்தாகத் தெரிய இடது கையால் எழுதி முடித்து, வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டாள். இப்போது அவள் வீட்டுக் குறை, கால் இல்லாமலே தெருவில் நடந்தது. பக்கத்து வீட்டு ஓமனா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ப்ளோரன்சே, உனக்க மகளுக்கு நித்தமும் திருநாளாக்கும். பின்னால சப்பரம் போவுது பாத்தியா?" என்றாள். அன்று ப்ளோரன்ஸ் டெல்னாவை ஈர்க்கிலால் அடித்தாள். பாதியில் கை ஓய்ந்து போட்ட ஈர்க்கில் அங்கேயே கிடந்தது. பெரியவர்கள் விட்டவை அப்போது யாரையும் தொடர்வதில்லை. டெல்னா அழுதுகொண்டே தம்ளரைப் பார்த்து, "அது நல்லதாக்கும் அம்மா, ஒண்ணும் சிந்தேல்ல" என்றாள்.

நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் காட்டப் போன நாளில் பஸ் கண்டக்டர் ஷாஜி எல்லோருக்கும் கேட்கும்படி, "எக்கா, இந்தத் துடைப்பம் எங்க எறங்கும்?" என்று கேட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. ப்ளோரன்ஸ் சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துக்கொண்டாள். டாக்டர் பிள்ளையிடம் நிறையப் பேசினார், வாசலில் காத்து நின்ற சாமான்களையும் எட்டிப் பார்த்தார். கவனம் நிற்பதிலும் தன்னை அடக்குவதிலும் சிரமம், லேசானதுதான், பல பிள்ளைகளுக்கு உண்டு, புத்திக்கு ஒரு குறையும் இல்லை என்றார். அதற்குமேல் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லத் தொடங்கியபோது, வெளியே யாரோ தம்ளரைக் காலால் தட்டிச் சிரித்த சத்தம் வந்தது. ப்ளோரன்ஸ் எழுந்துவிட்டாள். கடலிலிருந்து வந்த கணவன் சகாயதாஸ் கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லியாம்" என்று மட்டும் சொன்னாள்.

திருநாளின் கடைசி ஞாயிறன்று பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்கும் நாள். வேதபாடம் நடத்தும் நேசமணி டீச்சர் ப்ளோரன்சைத் தனியே கூப்பிட்டார். "பூசை முடியும்வரை பிள்ள அனங்காம இருக்கணும். அதுகளும் கோயிலுக்குள்ள வரப்பிடாது. இல்லேன்னா அடுத்த வருசம் பாக்கலாம்." அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஓமனா கேட்கும் தூரத்தில் நின்றாள். வகுப்பில் எல்லோரும் வெள்ளை உடுப்பில் போக, தன் மகள் மட்டும் கலர் உடுப்பில் பின் பெஞ்சில் இருப்பதை ப்ளோரன்ஸ் அந்த வாரம் முழுக்க மனக்கண்ணால் கண்டுகொண்டிருந்தாள். சனிக்கிழமை, சகாயதாஸ் கடலுக்குப் போன பிறகு, பழைய வலையின் அடிக்கயிற்றிலிருந்து ஈயக்குண்டுகளை உருவி, டெல்னாவின் வெள்ளை உடுப்பின் கீழ்மடிப்புக்குள் நெருக்கி வைத்துத் தைத்தாள். காலையில் மகளுக்கு அதை மாட்டிவிட்டு, அவளைத் தொடரும் சாமான்களையெல்லாம் ஈயம் போன அந்த வலைக்குள் போட்டு முடிச்சிட்டாள்.

பூசை முழுக்க டெல்னா அசையவில்லை. ஊரே திரும்பித் திரும்பிப் பார்த்தது. நேசமணி டீச்சர் ப்ளோரன்சைப் பார்த்துத் தலையசைத்தார். பல நாட்களுக்குப் பிறகு அவள் தலைப்பை நெற்றியிலிருந்து இறக்கினாள். பிறகு சாமியார் பெயர்களை வாசித்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். டெல்னாவின் பெயர் வந்தது, மறுபடியும் வந்தது. அவள் எழவில்லை. கோயிலின் மொசைக் தரை ஈரமணல்போல அவள் பாதங்களைக் கணுக்கால்வரை உள்ளே வாங்கியிருந்தது, இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. டெல்னா திரும்பி அம்மாவைத் தேடினாள். "எழும்ப முடியல்ல அம்மா. நான் அனங்கவே இல்ல."

ப்ளோரன்ஸ் ஏழு வயதிலிருந்து வலை கட்டியவள். மேலே மிதப்பு இல்லாமல் ஈயம் மட்டும் கோத்த வலை கடலில் நிற்காது, முங்கித்தான் போகும் என்பது அந்தக் கரையில் பேசப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். அவள் எழுந்து நடுவழியே நடந்தாள். ஊரின் அத்தனை கண்களும் முதுகில் இருக்க, மகளின் காலடியில் முட்டி போட்டு, நூலைப் பல்லால் கடித்து மடிப்பைக் கிழித்தாள். ஈயக்குண்டுகள் கொட்டி, பீடம்வரை உருண்டோடின. அந்தச் சத்தம் நெடுநேரம் அடங்கவில்லை. தரை டெல்னாவின் பாதங்களை மெதுவாக விட்டது. மகளின் முழங்காலுக்குக் கீழே குண்டுகள் இடித்து இடித்துக் கன்றிப்போன நீலத்தை அப்போதுதான் பார்த்தாள். "மக்கா, அம்மைக்குத் தெற்றிப்…" என்று தொடங்கியவள், ஓமனாவின் முகத்தைக் கண்டதும் நிறுத்திவிட்டாள். அதற்குள் வலையை அறுத்துக்கொண்டு சாமான்கள் வந்து சேர்ந்து, பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால் ஒழுங்காக நின்றன. சாமியார் தம்ளரைச் சுற்றி நடந்துவந்து, கிழிந்த உடுப்போடு நின்ற டெல்னாவின் நாக்கில் நற்கருணை வைத்தார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது ப்ளோரன்சின் பின்னாலும் ஒன்று வந்தது. தப்பிப்போச்சு என்று ஒத்துக்கொள்ள வந்து அவள் பாதியில் விட்ட வார்த்தை. முழங்கால் உயரத்தில், தணிந்த குரலில், "அம்மைக்குத் தெற்றிப்" என்றுவிட்டு நிற்கும், பிறகு மறுபடி தொடங்கும். ஊர் முழுக்க அது கேட்டது. மறுவாரம் அவள் நெய்யாற்றின்கரைக்குப் போய், டாக்டரிடம் கேட்காமல் விட்ட பாதியைக் கேட்டாள். வேலையைச் சிறுசிறு துண்டாகக் கொடுக்க வேண்டும், இடையே எழுந்து நடக்க விட வேண்டும், முடித்ததைச் சொல்லிப் பாராட்ட வேண்டும், அடிக்கக் கூடாது. அவ்வளவுதான். துடைப்பம் ஒருநாள் முற்றம் முழுவதும் பெருக்கப்பட்டு மூலையில் சாய்ந்தது, பிறகு வெளியே வரவில்லை. கிழங்கும் அடுப்பேறியது. புதிதாக வேறு சில சேர்ந்தன. கட்டன் சாயா மட்டும் ஆறாமல் கூடவே இருக்கிறது.

டெல்னா இப்போது தனுவச்சபுரத்தில் படிக்கிறாள். காலையில் பஸ் ஏற்றிவிட ப்ளோரன்சும் போவாள். வார்த்தையை அவள் இன்னும் முடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள், மகளின் காலைப் பார்ப்பாள், மூடிக்கொள்வாள். ஒருநாள் பஸ் வரும் சத்தம் கேட்டு அவள் எட்டி நடந்தபோது, எதற்கும் காத்திருக்காத அந்தப் பிள்ளை ரோட்டில் நின்றுவிட்டது. "மெள்ள நட அம்மா. உனக்கது பின்னால வருது." ப்ளோரன்ஸ் நின்றாள். வார்த்தை மெதுவாக வந்து தம்ளருக்குப் பக்கத்தில் நின்றது.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்றார் ஷாஜி. டெல்னா காலடியில் நின்ற தம்ளரையும் கீழே ரோட்டில் நின்ற அம்மாவையும் பார்த்து, "எனக்கது ஏறியாச்சு. அம்மைக்கது அம்மைக்க கூட நிக்கும்" என்றாள். ஷாஜி மணிக்கயிற்றை இழுத்தார்.