பட்டுக்கு வைத்த காவல்

1981-ஆம் ஆண்டு ஐப்பசியில், ஆரணியில் நெசவாளர் சம்பந்தத்தின் வீட்டுத் தறியில் ஏற்றியிருந்த பட்டுப் பாவு இழைகளை எவனோ பிளேடால் அறுத்துவிட்டான். தெருவே கொதித்தது.

"பொறாமைதான், வேற இன்னா? நம்ம பொழப்பக் கெடுக்கறதுக்குன்னே சுத்திகினு கீறான்," என்றார் எதிர்வீட்டுக் கந்தசாமி.

அத்தறியில் நெய்பவள் சம்பந்தத்தின் மகள் உண்ணாமலை. அவள் தந்தையிடம் தனியே சொன்னாள்: "சாயப்பட்டறை ஜெயவேலுதாம்பா. பொண்ணு குடுக்க மாட்டேன்னு பங்குனியில நீ சொன்னதுலேருந்து சைக்கிள்ல பின்னாடியே வந்துகினு இருக்கான். அவன் கொண்டாற நூல் சிட்டத்துக்குள்ள லெட்டர் இருக்கும். கடைசி லெட்டர்ல, நூல அறுத்தாச்சு, அடுத்தது நீதான்னு எழுதியிருக்கான்."

"வாய மூடு. வெளிய தெரிஞ்சா உன்ன எவன் கட்டிகினு போவான்?"

கடிதங்கள் அடுப்பிற்குள் போயின. புதிதாகப் பாவு ஏற்றிய தறிக்குத் தெருவார் முறை வைத்துக் காவல் இருந்தனர். பட்டைக் காத்தார்களேயன்றி, எவரிடமிருந்து காப்பது என்பதை அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கார்த்திகையில் ஒரு முற்பகல். சம்பந்தம் பக்கத்து ஊரான முள்ளிப்பட்டுக்குச் சென்றிருந்தார். வாசலில் காவல் இருந்த கந்தசாமி, பையுடன் வந்த ஜெயவேலைக் கண்டு நகர்ந்து வழிவிட்டார். சாயம் தோய்த்த நூல் கொண்டு வருபவனைத் தடுக்கும் வழக்கம் அவ்வூரில் இல்லை.

"இன்னாடா, அரக்கு நூலா? ஜல்தியா குடுத்துட்டுப் போ."

ஜெயவேல் தறியின் எதிரே போய் நின்றான். பையிலிருந்த நூலுக்கடியில் கைவிட்டு ஒரு குப்பியை எடுத்தான். பட்டறையில் புழங்கும் திராவகம் அது.

"இனிமே உன்ன எவன் பாக்கறான்னு பாக்கறேன்."

தறிக்குக் கீழுள்ள குழியில் மிதிகட்டைமேல் காலூன்றி, குழியோரம் அமர்ந்து நெய்பவர் சட்டென்று எழுந்து ஓட இயலாது. உண்ணாமலை எழ முயலவேயில்லை. முன்னிருந்த துணியின் கீழே குனிந்து, குழிக்குள் முழுவதுமாக இறங்கிவிட்டாள். திராவகம் அரக்குப் பட்டின்மேல் விழுந்தது. கந்தசாமி ஓடி வந்து பார்த்தபோது, இழுத்துக் கட்டிய இழைகள் ஒவ்வொன்றாகத் தெறித்துக்கொண்டிருந்தன. நாற்பதாண்டு நெய்தவர், அவ்வொலியைக் கேட்டு ஒரு கணம் அசைவற்று நின்றார். பின்னர் ஜெயவேலைத் தரையில் வீழ்த்தி அவன்மீது அமர்ந்துகொண்டார். இடத்தோளிலும் புறங்கையிலும் மட்டும் வெந்த புண்களோடு, உண்ணாமலை தானே குழியிலிருந்து ஏறி வந்தாள்.

"அவன் கைய புடிச்சுக்க, மாமா. இன்னொரு குப்பி இருக்கப் போவுது," என்றாள்.

மாலையில் காவல் நிலையத்திற்குப் புறப்படுகையில் சம்பந்தம் அவளிடம் மெல்லச் சொன்னார்: "பட்டு பாழாச்சுன்னு மட்டும் எழுதிக் குடுப்போம். உன் பேரு வேணாம்."

நிலையத்தில் அவள் தோளில் கட்டுடன் ஆய்வாளரின் எதிரே நின்று சொன்னாள்: "பட்டு கெடக்கட்டும் சார். ஊத்த வந்தது எம்மேல. எட்டு மாசமா என் பின்னாடி வந்தான். பங்குனிலேருந்து எழுதுங்க."

எழுதிக்கொண்டிருந்த காவலர் மூன்று முறை தாள் மாற்றினார். நாளும் இடமும் பிசகாமல் அவள் சொல்லச் சொல்ல, உடன் வந்த தெருவார் நெருங்கி வந்து கேட்டனர். தாம் அன்றாடம் கண்ட பெண்ணுக்குள் இத்துணை உறுதி இருந்ததோ என்று வியந்தனர்.

"இதெல்லாம் அப்பவே பெரியவங்ககிட்ட சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றார் ஆய்வாளர்.

  சம்பந்தம் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னே வந்தார்.

"சொன்னா சார். ஐப்பசியிலயே எங்கிட்ட சொன்னா. நான்தான் லெட்டர கொளுத்தனேன். அதையும் எழுதிக்குங்க."